வீட்டுக்கு 300 மீட்டரில் காத்தாடி (காற்றாலை): எதற்குப் பயப்படுவது, எதற்குப் பயப்பட வேண்டாம்?

கேள்வி (தென்னந்தோப்பு):
ஆயக்குடி பக்கம், பழனி மலையடிவாரத்தில் கொய்யாவும் தென்னையும் இருக்கு. பக்கத்து மானாவாரிக் காட்டில் 2 மெகாவாட் காத்தாடி வரப்போகுதாம், வீட்டிலிருந்து 300 மீட்டர். தோப்பு வழியே பாதையும் கம்பியும் போக புரோக்கர் 'பவர்' (பொது அதிகாரப் பத்திரம்) எழுதிக் கேட்கிறார். சத்தம், போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர், மழை குறையும் என்கிற பேச்சு, இதில் எதை நம்புவது?

பதில் 1 (டெசிபல்):
சத்தம் நிஜம். இந்த அளவு இயந்திரம் வெளியிடும் மொத்த ஒலித்திறன் சுமார் 105 டெசிபல். தூரம் இரட்டிப்பானால் 6 குறையும். தோராயமாக 300 மீட்டரில் 47 வரும், 500இல் 43. குடியிருப்புக்கு இரவு வரம்பு 45. ராத்திரி கீழே காற்று அடங்கி மேலே வீசும்போதுதான் 'உஸ்.. உஸ்' பளிச்சென்று கேட்கும். இன்னொரு காத்தாடி அதே தூரத்தில் வந்தால் 3 டெசிபல் கூடும். மத்திய அரசின் 2016 வழிகாட்டி வீடுகளுக்கு 500 மீட்டர் தள்ளச் சொல்கிறது. தூண் வரும் புள்ளியின் சர்வே எண்ணை எழுத்தில் வாங்கி, வீட்டுச் சுவரிலிருந்து அளந்து பாருங்கள். அஸ்திவாரம் தோண்டிய பிறகு யாரும் நகர்த்த மாட்டார்கள்.

பதில் 2 (வாய்க்கால்):
போருக்குப் பயம் வேண்டாம் அண்ணே. அஸ்திவாரம் 3 மீட்டர் ஆழம், 18 மீட்டர் அகலம், அவ்வளவுதான். பல நூறு அடி போரை அது தொடாது. கெடுப்பது பாதை. விசிறியின் ஒரு இறக்கையே 50 மீட்டருக்கு மேல், கிரேன் வேறு வரணும். அதற்காகக் கிராவல் கொட்டிச் சரிவுக்குக் குறுக்கே மேடு போடுவார்கள். மலையிலிருந்து இறங்கும் ஓடை தடுபட்டு மேல்காட்டில் தண்ணி தேங்கும், கீழ்க்கிணறு காயும். ஒற்றைக் குழாய் பதித்தால் ஐப்பசி வெள்ளத்தில் சருகும் மணலும் அடைத்துக்கொள்ளும். தரைப்பாலமாகப் போடச் சொல்லுங்கள். புலப்படத்தில் (சர்வே வரைபடம்) ஓடை, வண்டிப்பாதை எங்கே இருக்கென்று முதலில் பாருங்கள்.

உங்களுக்குப் பெரிய நஷ்டம் கம்பியில்தான். 33 கே.வி. (33,000 வோல்ட்) லைனுக்கு அடியில் தென்னை நிற்க விடமாட்டார்கள். தோப்புக்குள் விடாமல் வரப்போரமாகவோ பூமிக்கடியிலோ கொண்டுபோகக் கேளுங்கள்.

பதில் 3 (பத்திரம்):
பவர் எழுதாதீங்க. விற்கும் அதிகாரமும் அதில் இருந்தால், அதை வைத்து நிலத்தையே வேறொருவருக்குக் கிரயம் செய்ய முடியும். பாதைக்குத் தனியாகக் குத்தகை. ஓராண்டுக்கு மேல் என்றால் பதிவு கட்டாயம். எத்தனை அடி அகலம், எந்த சர்வே எண், வெட்டும் மரத்துக்கு எவ்வளவு, 20, 25 வருஷம் கழித்துக் காத்தாடியையும் கான்கிரீட்டையும் யார் அகற்றுவது, எல்லாம் அதில் இருக்கணும். காற்றாலைக்குச் சுற்றுச்சூழல் அனுமதிக்கான பொதுக்கருத்துக் கேட்பு கிடையாது. அதனால் உங்கள் ஆட்சேபத்தைக் கலெக்டருக்கு மனுவாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கொடைக்கானல் வனவிலங்கு சரணாலய எல்லை எவ்வளவு தூரம் என்று வனத்துறையிலும் கேளுங்க.

தென்னந்தோப்பு:
நன்றி. மழை விஷயம்?

டெசிபல்:
விசிறி நுனி 200 மீட்டர் போனாலே அதிகம். மழை மேகம் அதற்கு வெகு மேலே. காத்தாடி சுற்றுவது பெரும்பாலும் வைகாசி முதல் புரட்டாசி வரை. உங்கள் ஊருக்கு நல்ல மழை ஐப்பசி, கார்த்திகையில். அப்போது அது பாதி நாள் சும்மா நிற்கும்.