முதுகுப்பை இல்லாத மலைச் சைக்கிள் பயணம்: கருவிகளை எங்கே வைக்கிறீர்கள்?

கோவையிலிருந்து

ஆறு ஆண்டுகள் நான் முதுகுப்பையுடன்தான் மலைச் சைக்கிள் ஓட்டினேன். இரண்டு லிட்டர் தண்ணீர், பம்ப், இரண்டு டியூப், ஆலன் கீ கட்டு, மழைச்சட்டை எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ ஐந்து கிலோ ஆகிவிடும். ஏற்றத்தில் முதுகு முழுவதும் வியர்வையில் நனையும்; இறக்கத்தில் பள்ளம் வரும்போதெல்லாம் பை எழும்பித் தலைக்கவசத்தை இடிக்கும். ஒருமுறை ஈரப்பாறையில் சறுக்கி மல்லாந்து விழுந்தபோது, பைக்குள் இருந்த பம்ப் முதுகெலும்பை ஒட்டி அழுந்தியதால் மூன்று வாரம் குனிய முடியவில்லை. அன்றோடு பையை விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு நான் செய்த இரண்டு தவறுகளைச் சொல்கிறேன். மற்றவர்களும் தங்களுக்கு நேர்ந்ததைச் சொன்னால் புதிதாக வருபவர்களுக்குப் பயன்படும்.

முதலில் சீட்டுக்கு அடியில் ஒரு சிறு பையைக் கட்டினேன். என்னுடையது முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள 29 அங்குலச் சைக்கிள். ஓடும்போதே சீட்டைத் தாழ்த்தும் டிராப்பர் போஸ்டும் உண்டு. கோத்தகிரிப் பக்கம், அனுமதி பெற்று ஓட்டிய ஒரு தேயிலைத் தோட்டப் பாதையில், நீண்ட இறக்கத்தின் முடிவில் ரப்பர் கருகும் வாடை வந்தது. இறங்கிப் பார்த்தால் பையின் அடிப்பகுதி தேய்ந்து கிழிந்திருந்தது, உள்ளே இருந்த டியூபும் அறுந்திருந்தது. சீட்டு முழுவதும் தாழ்ந்திருக்கும் நேரத்தில் பின் சஸ்பென்ஷனும் முழுவதும் அமுங்கினால், டயருக்கும் சீட்டுக்கும் இடையே மிகக் குறைந்த இடைவெளிதான் மிஞ்சுகிறது என்பதை நான் அளந்து பார்த்திருக்கவில்லை. பின் ஷாக்கில் உள்ள காற்றை முழுவதும் இறக்கிவிட்டு, சீட்டையும் தாழ்த்தி, கையால் அழுத்திப் பார்த்தால் வீட்டு வாசலிலேயே இது தெரிந்திருக்கும்.

அடுத்து, டியூபைச் சுருட்டி, சைக்கிள் சட்டத்தின் மேல் குழாயான டாப் டியூபின் அடியில் வார் போட்டுக் கட்டினேன். எட்டு மாதம் அதைத் தொடவே இல்லை. கோடநாடு செல்லும் வழியில், மாலை ஐந்து மணி இருக்கும், கூரான கல் ஒன்று டயரின் பக்கவாட்டைக் கிழித்தது. என்னுடையது டியூப் இல்லாமல் ஓடும் டயர்; உள்ளே ஊற்றியிருந்த அடைப்புத் திரவம் எல்லாம் வெளியே வழிந்ததே தவிர, ஓட்டை அடைபடவில்லை. மாற்று டியூபை மாட்டிக் காற்றடித்தேன், நிற்கவில்லை. வார் அழுத்திய மடிப்பில், சைக்கிளின் அதிர்வில் புழுதி அரத்தைப்போல் அராவி, ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை விழுந்திருந்தது. சற்றுத் தொலைவில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே இரண்டு காட்டெருமைகள் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. அந்த மலையில் இருட்டிய பிறகு அவற்றின் குறுக்கே போகக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒட்டுப் போட உட்காராமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தார்ச்சாலைக்கு வந்துவிட்டேன்.

இப்போதும் டியூபை அதே இடத்தில்தான் கட்டுகிறேன், ஆனால் வேறு முறையில். வால்வுக்கு மூடி போட்டு, அதன் வளையத் திருகைக் கழற்றிவிட்டு, டியூபின் மேல் முகப்பவுடரைத் தூவி, சமையலறையில் உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி, அதன் மேல் பழைய டியூபில் வெட்டிய ஓர் உறையைப் போட்ட பிறகுதான் வார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவிழ்த்துக் காற்றடித்து, ஓர் இரவு வைத்துப் பார்க்கிறேன். பின்சக்கரம் நேராகச் சேற்றை வாரி அடிக்கும் இடத்தில் எதையும் கட்டுவதில்லை.

பெங்களூரிலிருந்து

நண்பரின் டியூப் கதைதான் எனக்கும் நேர்ந்தது. ஆகவே அதைத் திரும்பச் சொல்லவில்லை. வெளியே கட்டுவதைவிட உள்ளே ஒளித்து வைப்பதே நல்லது என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன். ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் 2016 மாடல் ஸ்டம்ப்ஜம்பரில் சட்டத்தின் கீழ்க் குழாயான டவுன் டியூபுக்கே, உள்ளே கருவிகளை வைக்க ஒரு கதவு வைத்தது; இன்று பல நிறுவனங்களின் சட்டங்களில் அது இருக்கிறது. என் சட்டம் பழைய அலுமினியச் சட்டம், கதவு கிடையாது. அதனால் பம்பின் கைப்பிடிக்குள்ளேயே ஆலன் கீ கட்டு அடங்கும் வகையை வாங்கி, பாட்டில் கூண்டின் திருகுகளில் பம்பை மாட்டியிருக்கிறேன். அதற்கு மேல் ஒரு வெல்க்ரோ பட்டை கட்டாயம் வேண்டும். துரஹள்ளிக் காட்டில் பாறைப் பகுதியில் இறங்கும்போது கவ்வியிலிருந்து நழுவிய பம்பைத் தேடி இரண்டு முறை நடந்தே திரும்பியிருக்கிறேன்.

பம்புக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு குப்பி போதும் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 29 அங்குலத்தில் 2.4 அங்குல அகலமுள்ள டயருக்கு 16 கிராம் குப்பி ஏறத்தாழ 20 பிஎஸ்ஐ வரைதான் நிரப்பும். 25 கிராம் குப்பி இருந்தால்தான் நிம்மதி. அந்த வாயு சாதாரண காற்றைவிட வேகமாக ரப்பர் வழியே கசிவதால், மறுநாள் காலை டயர் தளர்ந்திருக்கும். நான் ஒரே ஒரு குப்பியை நம்பிப் போன நாளில், குப்பியை வால்வோடு இணைக்கும் தலைப்பகுதியைச் சரியாகத் திருகாமல் வால்வைத் திறந்ததால், வாயு முழுவதும் என் விரல்களின் மேல் உறைபனியாகப் போய்விட்டது. குப்பி கூடுதல் வசதியாக இருக்கட்டும். பம்ப் கையில் இருந்தே ஆக வேண்டும்.

செயின் இணைப்புக் கண்ணியைப் பற்றியும் சொல்கிறேன். பலர் அதை பிரேக் குழாயின் மேல் இன்சுலேஷன் டேப் சுற்றி ஒட்டி வைப்பார்கள்; நல்ல பழக்கம். ஆனால் ஒருநாள் உடன் வந்தவரின் செயின் அறுந்தபோது, நான் பெருமையாக எடுத்துக் கொடுத்த கண்ணி பின்சக்கரத்தில் 11 பல்சக்கரங்கள் கொண்ட வரிசைக்கு உரியது, அவருடையதோ 12. அகலம் ஒத்துவராததால் கண்ணி பூட்டிக்கொள்ளவில்லை. குழுவாகப் போகும்போது இப்போது இரண்டு வகையும் வைத்திருக்கிறேன். இரண்டும் சேர்ந்தும் கட்டைவிரல் நகம் அளவுகூட எடை தெரியாது. கியர் மாற்றும்போது செயினை நகர்த்தும் டெரெய்லரைத் தாங்கும் கொக்கி இதைவிடச் சிக்கலானது. 2019-இல் ஸ்ராம் என்ற உதிரிபாக நிறுவனம் கொண்டுவந்த பொதுக் கொக்கி பொருந்தாத பழைய சட்டமானால், உங்கள் சட்டத்துக்கே உரிய வடிவத்தை நீங்கள்தான் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இருப்பவரிடம் இரவல் கிடைக்காது.

குன்னூரிலிருந்து

மலையிலேயே வாழ்பவன் என்ற முறையில் மழையைப் பற்றிச் சொல்கிறேன். பாட்டில் வடிவ டப்பாவில் கருவிகளைப் போட்டுக் கூண்டில் செருகிவைத்திருந்தேன். ஒரு மழைக்காலம் முடிந்து திறந்தபோது, உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியில்லாமல் ஆலன் கீகள் எல்லாம் துருப்பிடித்து மடக்க முடியாமல் இறுகியிருந்தன. இப்போது அவற்றை எண்ணெய் தோய்ந்த துணியில் சுற்றி வைக்கிறேன். அந்தத் துணி உலோகம் தட்டும் ஓசையையும் அடக்குகிறது.

அதிகம் பயன்படுவது எதுவோ அது கைக்கு மிக அருகில் இருக்க வேண்டும் என்பது என் அனுபவம். டயர் ஓட்டையில் குத்தி அடைக்கும் ரப்பர் திரிகளை ஹேண்டில்பாரின் இரு முனைகளுக்குள் வைத்திருக்கிறேன். முள்ளோ ஆணியோ ஏறினால், காற்று முழுவதும் போவதற்குள் குத்திவிடலாம். பக்கவாட்டுக் கிழிசலுக்குத் திரி போதாது. அதற்காக, தீர்ந்த பற்பசைக் குழாயைக் கழுவி வெட்டிய ஒரு துண்டை டியூப் உறைக்குள் தட்டையாக வைத்திருக்கிறேன். கிழிசலுக்கு உட்புறமாக அதை வைத்து டியூபை மாட்டினால், டியூப் பிதுங்கி வெடிக்காது.

நம் ஊருக்கென்றே ஒரு பொருளும் உண்டு. மலைச் சைக்கிள்களில் பெரும்பாலும் மெல்லிய பிரெஸ்டா வால்வுதான் வருகிறது. சாலையோரப் பஞ்சர் கடையிலும் பெட்ரோல் பங்கிலும் இருக்கும் காற்றுக் குழாய் அதற்குப் பொருந்தாது. வால்வின் மேல் திருகும் சிறு பித்தளை மாற்றி ஒன்று இருந்தால் எந்தக் கடையிலும் காற்றடித்துக்கொள்ளலாம். அதை வால்விலேயே மூடியாகத் திருகி விட்டால் தனியாக இடம்கூட வேண்டாம்.

கோவையிலிருந்து, மீண்டும்

நீங்கள் இருவரும் சொன்னதை வைத்து என் சைக்கிளை நேற்று மறுபடி அடுக்கினேன். டாப் டியூபின் அடியில் டியூப், டயரை நெம்பிக் கழற்றும் லீவர் இரண்டு, பற்பசைக் குழாய்த் துண்டு. பாட்டில் கூண்டின் பக்கத்தில் பட்டையிட்ட பம்ப். ஹேண்டில்பார் முனைகளில் திரிகள். சீட்டுக் கம்பிகளுக்கு இடையே டேப்பில் சுற்றிய கொக்கியும் செயின் கண்ணியும். சமையலறைத் தராசில் எல்லாம் சேர்த்து ஒரு கிலோவுக்குள் அடங்கின. தண்ணீருக்கு முக்கால் லிட்டர் பாட்டில் ஒன்றுதான். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் விற்கத் தடை இருப்பதால், சாலையோரத் தண்ணீர் ஏடிஎம் எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் இனி பாதையைத் திட்டமிடப் போகிறேன். முதலுதவிப் பொருளுக்கு மட்டும் இன்னும் இடம் கிடைக்கவில்லை. சட்டைப் பையில் வைத்தால் வியர்வையில் ஊறிவிடுகிறது. அதை ஈரம் படாமல் சைக்கிளிலேயே வைத்திருப்பவர்கள் எங்கே, எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.