வேன் ஸ்பெயினில், நாம் இங்கிலாந்தில்: மாட்டிக்கொண்ட கேம்பர் வேனை எடுத்து வருவது எப்படி?

பிரிட்டனுக்கு வந்து ஒன்றரை வருடமே ஆன தம்பி ஒருவர் போன வாரம் கூப்பிட்டார். "அண்ணா, வேனைப் போர்ச்சுகல்லில் விட்டுவிட்டு வேலை விஷயமாக அவசரமாக ஃபிளைட்டில் வந்துவிட்டோம். திரும்பிப் போவதற்குள் ஷெங்கன் விசா முடிந்துவிட்டது. இப்போது வேனை எப்படி எடுப்பது?" குரலிலேயே தூக்கமில்லாதது தெரிந்தது. ஷெங்கன் விசா என்பது ஸ்பெயின், பிரான்ஸ், போர்ச்சுகல் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா. 2020-இல் நாங்களும் இதே இடத்தில் நின்றவர்கள்தான், அதுவும் எல்லைகளே மூடிக் கிடந்த காலத்தில். அவருக்குச் சொன்னதை இன்னும் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். இந்திய அல்லது இலங்கை பாஸ்போர்ட்டில் பிரிட்டனில் இருப்பவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்குப் பாதிச் சிக்கல் கிடையாது.

முதலில் பதற்றம் வேண்டாம். நிறுத்திய வேன் நிறுத்திய இடத்தில்தான் நிற்கும். ஆனால் அதன் இன்சூரன்ஸ், எம்ஓடி (வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை), சாலை வரி, உங்கள் விசா ஆகிய நான்கும் தனித்தனித் தேதியில் முடியும். பெரும்பாலானோர் விசாவை மட்டுமே நினைத்துக் கவலைப்படுகிறார்கள், மற்ற மூன்றும் சத்தமில்லாமல் முடிந்துபோகும். நான்கு தேதிகளையும் ஒரு தாளில் எழுதி, எது முதலில் முடிகிறதோ அதிலிருந்து ஆரம்பியுங்கள். வேனை எடுக்க யார் போவது என்பதை அப்புறம் பார்க்கலாம்.

எங்கள் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2020 பிப்ரவரி பள்ளி விடுமுறையில் வேனில் ஸ்பெயின் போனோம். ஈஸ்டருக்கு மறுபடி வருவதுதானே என்று வலென்சியா பக்கத்தில் ஒரு கேம்பிங் தளத்தில் வேனை நிறுத்திவிட்டு விமானத்தில் திரும்பினோம். மார்ச் 14 அன்று ஸ்பெயின் அவசர நிலையை அறிவித்தது. மார்ச் 23 அன்று இங்கே ஊரடங்கு வந்தது. விசா மையங்கள் மூடப்பட்டன. எங்கள் ஷெங்கன் விசா ஏப்ரல் கடைசியில் காலாவதி. ஈஸ்டருக்கு நாங்கள் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தோம், வேன் அங்கே வெயிலில் நின்றது.

அந்தச் சமயத்தில் செய்த ஒரே புத்திசாலித்தனம், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உடனே போன் செய்தது. கேம்பர் வேன் பாலிசிகளில் வெளிநாட்டில் முழுக் காப்பீடு இத்தனை நாள்தான் என்று ஒரு வரம்பு இருக்கும். 30 நாளும் உண்டு, 180 நாளும் உண்டு, பாலிசியைப் பொறுத்தது. எங்களுடையது 90. அந்த நாட்கள் வேன் பிரிட்டனை விட்டுக் கிளம்பிய தேதியிலிருந்து எண்ணப்படும். நாம் திரும்பி வந்துவிட்டோம் என்பதால் எண்ணிக்கை நிற்காது. வரம்பு தாண்டினால் சட்டப்படியான குறைந்தபட்சக் காப்பு மட்டும் மிஞ்சலாம். திருட்டு, தீ எல்லாம் அதில் வராது. நிலைமையைச் சொல்லி நீட்டிப்பு கேட்டோம், கொடுத்தார்கள். போனில் "சரி" என்று சொன்னதோடு விடாமல் மின்னஞ்சலில் எழுதி வாங்கினேன். பின்னால் அந்த ஒரு மின்னஞ்சல் மூன்று இடத்தில் உதவியது.

சாலை வரி விஷயத்தில் புதிதாக வந்தவர்கள் ஒரு தப்பு செய்கிறார்கள். ஓட்டாத வண்டிதானே என்று எஸ்ஓஆர்என் போட்டு வரியை நிறுத்திவிடுகிறார்கள். எஸ்ஓஆர்என் என்பது பிரிட்டனுக்குள் சாலைக்கு வராமல் தனியார் இடத்தில் நிற்கும் வண்டிக்கு. வெளிநாட்டில் தற்காலிகமாக இருக்கும் வண்டிக்கு வரி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். 12 மாதமோ அதற்கு மேலோ வெளியே இருக்கப் போகிறது என்றால் டிவிஎல்ஏ (பிரிட்டனின் வாகனப் பதிவுத் துறை) அதை நிரந்தர ஏற்றுமதியாகப் பார்க்கும். அப்போது கதையே வேறு. ஆகவே அந்த 12 மாதக் கோட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எம்ஓடியை வெளிநாட்டில் எடுக்க முடியாது. ஸ்பெயினில் அவர்களுடைய ஐடிவி சோதனை உண்டு, ஆனால் அது எம்ஓடிக்கு ஈடாகாது. 2020-இல் மார்ச் 30 முதல் ஜூலை 31 வரை எம்ஓடி முடிய வேண்டிய வண்டிகளுக்கு அரசே ஆறு மாதம் நீட்டித்தது. எங்கள் வேனுக்கு மே மாதம் முடிய வேண்டியது நவம்பருக்குப் போனது. இப்போது அப்படி எதுவும் இல்லை. முடிந்துபோனால், வேன் பிரிட்டனில் இறங்கும் நாளுக்கு முன்கூட்டியே ஒரு எம்ஓடி நேரம் பதிவு செய்துவிட்டு, துறைமுகத்திலிருந்து நேராக அங்கே ஓட்டிப் போகலாம். ஆனால் இந்தச் சலுகை பிரிட்டன் சாலைக்கு மட்டும்தான். ஸ்பெயினிலோ பிரான்சிலோ போலீஸ் நிறுத்தினால் அது செல்லாது. ஆகவே வழியெல்லாம் ஓட்டி வருவதா, லாரியில் ஏற்றி வரச் சொல்வதா என்று முடிவெடுக்கும்போது எம்ஓடி தேதியைப் பாருங்கள். முடிந்து நாளாகிவிட்டது என்றால் லாரிதான் நல்லது. செலவு அதிகம்தான், ஆனால் மனதுக்கு நிம்மதி.

இனி, யார் போவது?

விசா கிடைக்கும் நிலைமை இருந்தால் நீங்களே போவதுதான் எல்லாவற்றிலும் சுலபம். விண்ணப்பத்தை வேன் நிற்கும் நாட்டுக்கே போடுங்கள், அதுதானே முக்கிய இடம். சுற்றுலா என்று மழுப்பாமல், வண்டியை எடுத்து வரப் போகிறேன் என்று கடிதத்தில் நேராகவே எழுதுங்கள். வி5சி (லாக்புக் என்கிற வாகனப் பதிவுச் சான்று) நகல், கேம்பிங் தளத்தில் பணம் கட்டிய ரசீது, இன்சூரன்ஸ் கடிதம், வேனின் பதிவு எண் போட்ட ஃபெரி டிக்கெட் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். போவதற்கு ஒருவழி விமானம், வருவதற்குக் கப்பல் என்பதைப் பார்த்தால் சந்தேகம் வரும். அந்த ஃபெரி டிக்கெட் இருந்தால் கேள்விக்கே இடமில்லை. விசா கையில் கிடைத்ததும் எத்தனை முறை நுழையலாம் என்ற கட்டத்தைப் பாருங்கள். 'மல்ட்' (பலமுறை) என்று இருந்தால் நல்லது. '01' என்று இருந்தால் ஒருமுறை வெளியே வந்ததும் கதை முடிந்தது, தேதி மிச்சம் இருந்தாலும் பயனில்லை. வேனை விட்டுவிட்டு விமானம் ஏறியவர்களில் பலர் சறுக்கியது இங்கேதான். எந்த 180 நாளிலும் ஷெங்கன் நாடுகளில் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்ற கணக்கும் உண்டு, அதையும் சரிபாருங்கள்.

பிரிட்டனில் தங்கும் உரிமையைக் காட்டும் பிஆர்பி அட்டை இப்போது இல்லை, எல்லாம் ஆன்லைனில் இருக்கும் இவிசாதான். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால் புது எண்ணை உங்கள் யுகேவிஐ (பிரிட்டன் விசா, குடியேற்றத் துறை) ஆன்லைன் கணக்கில் சேர்த்துவிட்டு அப்புறம் கிளம்புங்கள்.

விசா கிடைக்கவில்லை என்றால் வேறொருவரை அனுப்ப வேண்டும். எங்களுக்குப் போனவர் என் மனைவியின் அண்ணன். பிரிட்டிஷ் குடிமகன், இங்கேயே இருப்பவர். அவரை இன்சூரன்சில் ஓட்டுநராகப் பெயர் போட்டுச் சேர்த்தோம். நான் வண்டியின் உரிமையாளர், இவர் என் அனுமதியோடு ஓட்டி வருகிறார் என்று ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் கடிதம் எழுதிக் கையெழுத்திட்டு, என் பாஸ்போர்ட் நகலை இணைத்தேன். வி5சி மூலப்படிவம் கூடவே இருக்க வேண்டும். அதைத் தேடப் போனபோதுதான் நெஞ்சே நின்றது. அது வேனுக்குள், முன் சீட்டுக்குக் கீழே இருக்கும் இழுப்பறையில் இருந்தது. சாவி எங்களிடம், லாக்புக் அங்கே. வேனைத் திறந்து அதைக் கையில் எடுத்துவிட்டேன் என்று மச்சான் சொல்லும்வரை எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. வேனை எங்காவது விட்டு வரும்போது வி5சியை உங்களோடு எடுத்து வாருங்கள். நகல் மட்டும் வேனில் இருக்கட்டும்.

உரிமத்தையும் பாருங்கள். வேனின் அதிகபட்ச அனுமதி எடை 3,500 கிலோவுக்கு மேல் என்றால் சாதாரண பி வகை உரிமம் போதாது, சி1 வேண்டும். 1997-க்கு முன்பு இங்கே கார் டெஸ்ட் பாஸ் செய்தவர்களுக்கு அது தானாகவே வந்திருக்கும். நம்மில் பெரும்பாலோர் அதற்குப் பிறகு வந்தவர்கள்.

அடுத்ததைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் நம் ஆட்களுக்கு முதலில் தோன்றும் யோசனையே இதுதான். "பாரிஸில் சித்தப்பா மகன் இருக்கிறான், அவனை எடுத்து வரச் சொல்லலாமே." 2020 முடியும்வரை சரி, அதற்குப் பிறகு சரியில்லை. பிரெக்சிட் மாறுதல் காலம் 2020 டிசம்பர் 31-இல் முடிந்தபின், பிரிட்டன் எண் போட்ட வண்டி ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளிநாட்டு வண்டி. தற்காலிக அனுமதி என்ற பெயரில் வரியில்லாமல் உள்ளே இருக்கிறது, அவ்வளவுதான். ஒன்றியத்துக்குள் குடியிருப்பவர் அதை ஓட்ட வேண்டுமானால், பதிவுதாரரான நீங்கள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், அந்த நேரத்தில் நீங்களும் ஒன்றியத்துக்குள் இருக்க வேண்டும், அதுவும் எப்போதாவது ஒருமுறைதான். நீங்கள் இங்கே லெஸ்டரில் இருக்க, அவர் தனியாகப் போய் எடுத்து ஓட்டினால் சுங்கத்துறை வரி கேட்கலாம், வண்டியைப் பிடித்தும் வைக்கலாம். உதவ வந்தவரைச் சிக்கலில் மாட்டிவிட வேண்டாம். பிரிட்டனில் வசிக்கும் ஒருவரை இங்கிருந்தே அனுப்புங்கள்.

அந்தத் தற்காலிக அனுமதிக்கும் ஆறு மாத வரம்பு உண்டு. நீங்கள் அந்த நாட்டில் இருக்கிறீர்களா இல்லையா என்பதைப் பொறுத்து அது நிற்பதில்லை. வேன் உள்ளே நுழைந்த நாளிலிருந்து ஓடும். முடியும் முன்பே, காரணத்தோடும் ஆதாரத்தோடும் அந்த நாட்டுச் சுங்கத்துறைக்கு எழுதி நீட்டிப்பு கேளுங்கள். முடிந்தபிறகு எழுதினால் அது மன்னிப்புக் கடிதமாகிவிடும். ஆரம்பத்தில் சொன்ன நான்கு தேதிகளோடு இதை ஐந்தாவதாக எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தம்பியின் விஷயத்தில் முதலில் முடியவிருந்தது இதுதான், அவர் இப்படி ஒன்று இருப்பதையே கேள்விப்பட்டதில்லை.

மச்சான் போனது 2020 ஜூலை 22, புதன்கிழமை. ஜூன் 21-இலேயே ஸ்பெயின் பிரிட்டனிலிருந்து வருபவர்களுக்குத் திறந்துவிட்டது. ஜூலை 10 முதல் ஸ்பெயினிலிருந்து இங்கிலாந்து திரும்புகிறவர்களுக்குத் தனிமைப்படுத்தலும் இல்லை என்றார்கள். இதைவிட நல்ல நேரம் வராது என்று நினைத்தோம்.

அங்கே போய் வேனைத் திறந்தவர் வீடியோ கால் போட்டார். ஃபிரிட்ஜ் கதவை நாங்கள் சாத்திவிட்டு வந்திருந்தோம். திறந்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதை ஃபோனில் பார்த்தேன். உள்ளே சுவர் முழுக்கக் கருப்பாகப் பூசணம். எஞ்சின் பேட்டரியில் மீட்டர் வைத்தால் 4 வோல்ட்கூட இல்லை. முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி 12.7 காட்ட வேண்டும். அலாரமும் டிராக்கரும் ஐந்து மாதம் துளித்துளியாக உறிஞ்சிவிட்டன. இரண்டு டயர்கள் அடியில் தட்டையாகியிருந்தன. பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைப் படிக்கச் சொன்னேன். 1213. அதாவது 2013-ஆம் வருடம் 12-ஆவது வாரத்தில் தயாரானவை. ஏழு வயது டயரில் 1,700 கிலோமீட்டர் வேண்டாம் என்று நான்கையும் மாற்றச் சொன்னேன். பேட்டரி, டயர் வேலைக்கே இரண்டு நாள் போனது.

சனிக்கிழமை காலை கிளம்பினார். அன்று இரவு எல்லை தாண்டி பிரான்சின் பெர்பிஞ்ஞான் அருகே வேனை நிறுத்திப் படுக்கப் போகும்போது செய்தி வந்தது: நள்ளிரவு முதல் ஸ்பெயினிலிருந்து வரும் எல்லோருக்கும் 14 நாள் தனிமைப்படுத்தல். சில மணி நேர அவகாசம்தான். அவர் பிரான்சுக்குள் வந்துவிட்டார் என்பது கணக்கில் வராது; கடந்த 14 நாளில் ஸ்பெயினில் இருந்தாரா என்பதே கேள்வி. 27-ஆம் தேதி டோவரில் இறங்கி, இரண்டு வாரம் சம்பளமில்லாத விடுப்பில் வீட்டிலேயே இருந்தார். அந்தச் சம்பளத்தை நாங்கள் கொடுத்தோம், அவர் வாங்க மறுத்தும் கொடுத்தோம். பிரான்சும் அடுத்த மாதம் 15-ஆம் தேதி, தனிமைப்படுத்தல் தேவையில்லாத நாடுகளின் பட்டியலிலிருந்து போய்விட்டது. கட்டுப்பாடுகள் மாறிக்கொண்டிருக்கும் காலத்தில் உதவிக்குப் போகிறவருக்குப் பயண நாட்களோடு இரண்டு வாரம் கூடுதலாக விடுப்பு கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கிடைக்காது என்றால் அவரை அனுப்பாதீர்கள். வெளியுறவுத் துறை ஒரு நாட்டுக்கு அவசியமில்லாமல் போகாதீர்கள் என்று சொல்லிவிட்டால் பல பயண இன்சூரன்ஸ்கள் செல்லாது. ஜூலை 25-க்குப் பிறகு ஸ்பெயினுக்கு அதுவும் நடந்தது.

உடனே எடுக்க வழியே இல்லை என்றால், அங்கே இருக்கும் கேம்பிங் தளத்துக்காரரிடம் சாவி இருந்தால் நான்கு வேலை கேளுங்கள். கேஸ் சிலிண்டரை மூடச் சொல்லுங்கள். தண்ணீர்த் தொட்டியையும் கழிவறைப் பெட்டியையும் காலி செய்யச் சொல்லுங்கள். பேட்டரிகளின் நெகட்டிவ் வயரைக் கழற்றச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜ் கதவு சாத்திக்கொள்ளாதபடி இடையில் ஒரு துணியைச் சுருட்டி வைக்கச் சொல்லுங்கள். வாடகையைத் தவறாமல் அனுப்புங்கள், ஒவ்வொரு முறையும் ரசீது கேளுங்கள். எங்கள் தளத்துக்காரர் மாதம் ஒருமுறை வேனை ஃபோட்டோ எடுத்து அனுப்புவார், கேட்காமலே. கடைசி ஃபோட்டோவில் வேன் மேல் ஒரு பூனை படுத்திருந்தது. என் மகள் அதை இன்னும் வைத்திருக்கிறாள்.

அந்தத் தம்பி போர்ச்சுகல் விசாவுக்கு நேரம் வாங்கிவிட்டார். அது வரும்வரை செய்ய வேண்டியது சுங்கத்துறைக் கடிதம்தான். நாளை மாலை இருவரும் உட்கார்ந்து எழுதுகிறோம். இதே நிலையில் இருப்பவர்கள் வேன் எந்த நாட்டில் நிற்கிறது, எந்தத் தேதியில் உள்ளே போனது என்று சொல்லுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன்.