ஆயில் போல்ட் கழலவில்லை: வழி சொல்லுங்கள்

குழு நண்பர்களுக்கு வணக்கம். மதுரை விளாங்குடியில், வீட்டு வாசலிலேயே என் பெட்ரோல் காருக்கு எஞ்சின் ஆயில் மாற்ற முயல்கிறேன். பேட்டரி முனைகளில் பூத்த வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றித் துலக்குவது வரை கைவந்துவிட்டது. ஆனால் சென்ற சர்வீஸில் அளவுக்கு மீறி முறுக்கிவிட்டதால், ஆயில் சம்ப்பின் (எஞ்சினுக்குக் கீழே ஆயில் தேங்கும் தொட்டி) அடியிலுள்ள, பழைய ஆயிலை வடிக்கும் போல்ட்டின் ஆறு முனைகளும் மழுங்கி, ரிங் ஸ்பேனர் பிடிப்பின்றி வழுக்குகிறது. சம்ப் அலுமினியம், மரை (போல்ட் திருகி ஏறும் புரி) போய்விட்டால் பெருஞ்செலவு என்பதால், சுத்தியலால் தட்ட மனம் வரவில்லை. மழுங்கிய போல்ட்டைக் கவ்விக் கழற்றும் சாக்கெட் நகரில் எங்கே கிடைக்கும்? எஞ்சினைச் சற்றுச் சூடேற்றிய பின் முயன்றால் இளகுமா?

இன்னொன்று: பழைய ஆயில் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவு, சாக்கடையில் ஊற்றினால் வைகையைத்தான் சென்று சேரும். சில லிட்டர் மட்டுமே என்றாலும் முறையாகப் பெற்றுக்கொள்ளும் இடம் தெரிந்தவர்கள் அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.