கத்திரி வெயிலில் பகல் 11 மணி முதல் 4 மணி வரை பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுப்பது?

கேள்வி: வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மதுரையில் அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் வசிக்கிறோம். மகளுக்கு 10 வயது, மகனுக்கு 6. நானும் கணவரும் வேலைக்குச் சென்றுவிடுவதால், பகல் முழுவதும் என் மாமியார்தான் இருவரையும் பார்த்துக்கொள்கிறார். காலையிலும் மாலையிலும் கீழே இறங்கி மற்றப் பிள்ளைகளோடு விளையாடிவிடுகிறார்கள். வெளியே விடவே முடியாத 11 மணி முதல் 4 மணி வரையிலான நேரந்தான் கைப்பேசியிலும் சண்டையிலும் கழிகிறது. பயிற்சி முகாம்களில் சேர்க்கலாம் என்கிறார்கள். ஆண்டு முழுவதும் டியூஷனுக்கு ஓடிய பிள்ளையை மறுபடியும் ஒரு வகுப்பறையில் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. மாமியாருக்கு மூட்டு வலி இருப்பதால் அவரால் பிள்ளைகளின் பின்னால் ஓட முடியாது. வீட்டுக்குள்ளேயே அவர்கள் விரும்பிச் செய்யக்கூடியவற்றைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியை

உங்கள் மாமியாரால் ஓட முடியாது என்பதைக் குறையாக நினைக்க வேண்டாம், அம்மா. உட்கார்ந்து ஆடும் ஆட்டங்களை அந்தத் தலைமுறையைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. சிறியவனுக்குப் பல்லாங்குழியில் தொடங்குங்கள். ஏழேழாக 14 குழிகள், குழிக்கு ஐந்து புளியங்கொட்டை என்று 70 கொட்டைகள் போதும். பலகை இல்லையென்றால் தரையில் சுண்ணக்கட்டியால் வட்டங்கள் போட்டுக்கொள்ளலாம். ஒரு குழியில் நான்கு சேர்ந்தவுடன் ‘பசு’ என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதால், எதிராளி கவனிக்கும் முன்பே எண்ணிவிட வேண்டும் என்ற துடிப்பு பிள்ளைக்குத் தானாக வந்துவிடும்.

பெரியவளுக்கு ஆடு புலி ஆட்டம் ஏற்றது. மூன்று புலிகளும் 15 ஆடுகளும் கொண்ட அந்த ஆட்டத்தில், ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்கி முடிக்கும் வரை எந்த ஆட்டையும் நகர்த்தக் கூடாது; புலியோ அதற்குள் வெட்டத் தொடங்கிவிடும். ஆகவே ஆடு வைத்திருப்பவர், ஒவ்வோர் ஆட்டுக்கும் பின்னால் புலி தாவி இறங்க இடம் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். அப்பத்தா புலி, பேத்தி ஆடு என்று ஒரு முறை உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன்: பிள்ளை தோற்கும்போது பெரியவர்கள் வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கக் கூடாது. அதைப் பிள்ளைகள் உடனே கண்டுகொள்வார்கள். பிறகு ஆட்டத்தில் சுவை இருக்காது.

பதில்: இரு பிள்ளைகளின் தந்தை

வாரத்தில் ஒரு நாளாவது உங்களுக்கு விடுமுறை இருக்குமல்லவா, சகோதரி? அன்று கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். 2023 ஜூலையில் திறக்கப்பட்ட அந்த நூலகத்தில் சிறுவர்களுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. கடும் வெயில் நேரத்தைக் குளுமையாகக் கழிக்க ஊருக்குள் அதைவிட நல்ல இடத்தை நான் பார்க்கவில்லை. எந்தப் புத்தகத்தை எடுப்பது என்பதைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள்.

இன்னொரு நாள் கீழடி அருங்காட்சியகம். ஆசிரியை அம்மா சொன்னவற்றுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. அகழாய்வில் கிடைத்த பகடைக்காய்களும், பானை ஓட்டைத் தேய்த்துச் செய்த வட்டச் சில்லுகளும் அங்கே இருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வைகைக்கரையில் தாயமும் சில்லும் ஆடியிருக்கக்கூடும் என்று சொன்னபோது, என் மகன் அந்தக் கண்ணாடிப் பேழையை விட்டு நகரவே இல்லை. மறுநாள் உடைந்த பூந்தொட்டியின் ஓட்டை மொட்டைமாடிச் சுவரில் தேய்த்துத் தேய்த்துத் தனக்கென்று ஒரு சில்லைச் செய்துகொண்டான்.

நீச்சல் கற்றுக்கொடுக்க நினைத்தால், பயிற்றுநர் உடனிருக்கும் குளத்துக்கு மட்டுமே அனுப்புங்கள். விடுமுறையில் சொந்த ஊருக்குப் போகும் பிள்ளைகளைக் கிணற்றுக்கும் கண்மாய்க்கும் பெரியவர் துணையின்றி அனுப்பவே கூடாது.

பதில்: திண்டுக்கல் அத்தை

விளையாட்டோடு வீட்டு வேலையிலும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலை உண்மையான வேலையாக இருக்க வேண்டும். ஒப்புக்குக் கொடுத்தால் ஆர்வம் ஒரு நாளோடு போய்விடும். கத்திரி வெயில்தான் வடகம் போட ஏற்ற காலம். ஜவ்வரிசியை இரவே ஊறவைத்து, காலையில் பெரியவர்கள் கூழ் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின் பிள்ளைகளிடம் கரண்டியைக் கொடுங்கள். வெயில் ஏறிவிட்டால் மாடித்தரையில் கால் வைக்க முடியாது என்பதால், 8 மணிக்குள் நனைத்துப் பிழிந்த வேட்டியை விரித்து ஊற்றி முடித்துவிட வேண்டும். முதலில் வட்டம் கோணலாகத்தான் வரும், விழட்டும்.

மறுநாள் நண்பகலில் நிழலில் உட்கார்ந்து துணியைத் திருப்பிப் போட்டு, பின்புறம் தண்ணீர் தெளித்தால் வடகம் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். உங்கள் சின்னவனுக்கு அந்த உரிக்கும் வேலையைக் கொடுத்துப் பாருங்கள், எழுந்திருக்கவே மாட்டான். உரித்ததை மீண்டும் காயவைத்து, ஒடித்தால் படக்கென்று ஒடிகிறதா என்று பார்த்து டப்பாவில் அடைப்பது மகளின் பொறுப்பாக இருக்கட்டும். பொரித்துக் கொடுப்பது மட்டும் பெரியவர்களின் வேலை.

கேள்வி கேட்டவர்: வைகைக்கரை

அனைவருக்கும் நன்றி. மாமியாரிடம் படித்துக் காட்டினேன். சோழிகளைப் பரணிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார். ஒரே ஓர் ஐயம்: இவ்வளவையும் கால அட்டவணை போட்டுச் செய்ய வைக்கலாமா?

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியை

அட்டவணை வேண்டாம், அம்மா. அது பள்ளிக்கு உரியது. சாப்பாட்டு நேரத்தையும் கைப்பேசிக்கான நேரத்தையும் மட்டும் நீங்கள் முடிவு செய்யுங்கள்; மற்றதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். ‘போரடிக்கிறது’ என்று வந்து நின்றால் உடனே எதையாவது கையில் கொடுத்துவிடாதீர்கள். சற்று நேரம் சும்மா திரிந்துவிட்டு, அட்டைப்பெட்டியோ பழைய புடவையோ எடுத்துக்கொண்டு தாங்களாகவே ஒரு விளையாட்டைத் தொடங்குவார்கள். வீடு கலைந்துதான் கிடக்கும். மாலை 4 மணிக்கு எடுத்து வைத்தபின் கீழே விளையாடப் போகலாம் என்று சொல்லிவையுங்கள்.