டெட் மாதிரித்தாள்: உளவியலுக்கு வரையறைக் கேள்வி போதாதா?

வேளிமலை:
நாகர்கோவிலில் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதுகிற 20 பேருக்கு உளவியல் மாதிரித்தாள் தயாராகிறது. டெட்டில் 150 கேள்வியில் 30 குழந்தை மேம்பாடும் கற்பித்தலும். அதனால் இதிலும் 30. அறிமுகப் பாடத்துக்கு வரையறை கேட்டால் போதும், விடையில் தகராறே வராது. சூழ்நிலைக் கேள்விதான் வேணும் என்பவர்கள் ஒன்று எழுதிக் காட்டுங்க.

பழையாறு:
தகராறு வராது, சரி. நோட்ஸை உருப்போட்டவனும் டிக் அடிப்பானே அண்ணாச்சி. இதைப் பாருங்க:

'விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர் ஒருநாள் கொசுவர்த்தி கொளுத்தி வைத்தார். கடி நின்றது. அன்றுமுதல் அது இல்லாமல் தோட்டத்தில் இறங்குவதில்லை.'
அ) நேர்மறை வலுவூட்டல் ஆ) எதிர்மறை வலுவூட்டல் இ) தண்டனை

விடை ஆ: தொல்லை நீங்கியதால் நடத்தை கூடியது. 'இ' போட்டவர் கொசுக்கடியை மட்டும் பார்த்திருக்கிறார்; நடத்தை கூடியதா குறைந்ததா என்று பார்க்கவில்லை. எங்கே சறுக்கினார் என்பதைத் தப்பு விடையே காட்டிவிடும். நாலாவதாக 'எதுவுமில்லை' என்று சும்மா ஒட்டாதீங்க.

குளச்சல்காற்று:
என் பங்குக்கு: 'மீன்வண்டி ஹாரன் கேட்டதும் பூனை வாசலுக்கு ஓடுகிறது.' விடை, பாவ்லோவின் ஆக்கநிலையிருத்தல்: உணவோடு சேர்ந்தே வரும் சத்தத்துக்கு, பிறகு உடல் தானாக எதிர்வினை காட்டுவது.

வேளிமலை:
இதுக்குத்தான் பயந்தேன் மக்கா. ஓடினால் மீன்தலை கிடைக்கிறது, அதனால் ஓடுகிறது. கிடைக்கும் பலனால் நடத்தை கூடும் என்ற ஸ்கின்னரை எழுதியவருக்கு சைபரா? பாவ்லோவ் அளந்தது நாயின் உமிழ்நீரை, ஓட்டத்தை இல்லை. 'ஹாரன் கேட்டதும் எச்சில் ஊறுகிறது' என்று இருந்தால் சரி.

பழையாறு:
அப்போ அந்தக் கேள்வியைத் திருத்தணும், வகையையே ஏன் தூக்கிப் போடணும்? 100 பேர் எழுதினால் மதிப்பெண்ணில் மேல் 27, கீழ் 27 தாளைப் பிரிங்க. மேலே 20 பேர், கீழே 8 பேர் சரியென்றால் (20−8)÷27 = 0.44, படித்தவரையும் படிக்காதவரையும் நல்லாப் பிரிக்கிற கேள்வி. 0.2-க்குக் கீழே என்றால் மாற்றி எழுதணும். மைனஸ் வந்தால் முதலில் விடைக்குறிப்பைச் சரிபாருங்க.

வேளிமலை:
நம்ம பேட்ச் 20 பேர். அதில் 27 சதவீதம் என்றால் ஐந்து தாள். ஒருத்தர் குருட்டாம்போக்கில் அடித்தாலே 0.2 ஆடிவிடும்.

பழையாறு:
கணக்கு வேண்டாம், விடைக்குறிப்பைக் காட்டாமல் பாடம் தெரிந்த மூன்று பேரிடம் கொடுங்க. ஒருத்தர் மாற்றிப் போட்டாலும் கேள்வியை நிறுத்தி வையுங்க. பூனை அங்கேயே மாட்டியிருக்கும்.

குளச்சல்காற்று:
பூனை வாபஸ். தேர்வு எப்போ? உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், பாடப்பகுதியை நாலு முறை படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 40 சதவீதம் நினைவுகூர்ந்தார்கள். ஒருமுறை படித்து மூன்று முறை பார்க்காமல் எழுதியவர்கள் 61. ஐந்தே நிமிடத்தில் சோதித்தபோது படித்தவர்களே முந்தினார்கள். வகுப்பு முடிந்த கையோடு தேர்வு வைத்தால் உங்களுக்கும் அந்த ஏமாற்றுதான்.

வேளிமலை:
ஒரு வாரம் தள்ளியே வைக்கிறேன். சூழ்நிலைக் கேள்விக்கு பத்து இடம். குழந்தையின் சிந்தனை வளர்ச்சியை வயதுவாரி நிலைகளாகப் பிரித்த பியாஜேக்கு மட்டும் வரையறையும் வயதும்தான், அதில் இறங்க மாட்டேன்.

பழையாறு:
அதையா விடுவீங்க? இளநீரைக் குட்டை டம்ளரிலிருந்து ஒல்லி கிளாசுக்கு மாற்றியதும் 'கூடிப்போச்சு' என்கிற பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்க. '2 முதல் 7 வயது' என்று ஒப்பித்தவர்களில் எத்தனை பேர் எழுதுகிறார்கள், பார்ப்போம்.