கிட்னி மாற்றி நாலு வருடம், இப்போது ஊசிக்காது தெரியவில்லை

ஊசிநூல்:
எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 39. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். 2021-ல் அம்மா கொடுத்த கிட்னி. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவான கிரியேட்டினின் 1.2-லேயே நிற்கிறது, அந்த வகையில் ஒரு குறையும் இல்லை. உடம்பு அந்தக் கிட்னியை எதிர்க்காமல் இருக்க டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனலேட், பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு 7.5 மில்லிகிராம், மூன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

கண்தான் படுத்துகிறது. மிஷினில் ஊசிக்குப் பக்கத்தில் சின்ன லைட் ஒன்று உண்டு. அதைப் போட்டால் ஊசிக்காது வெள்ளைப் புகைக்குள் போய்விடுகிறது. அணைத்தால் ஓரளவு தெரிகிறது. எல்லோரும் வெளிச்சத்துக்குத் தவிக்கிறார்கள், நான் வெளிச்சத்தை அணைத்துவிட்டு நூல் கோக்கிறேன். இரவில் பைக்கில் வரும்போது எதிரே வரும் வண்டியின் லைட் முள்முள்ளாகச் சிதறுகிறது. ஒரு கண்ணாடிக் கடையில் ஒரே வருடத்தில் இரண்டு முறை பவர் மாற்றிக் கொடுத்தார்கள், பிரயோஜனம் இல்லை.

போன வாரம் ஒரு கண் டாக்டர் பார்த்துவிட்டு, ஸ்டீராய்டால் வந்த கண்புரை என்றார். அன்றிலிருந்து பயம். இரண்டு நாள் அந்த மாத்திரையைப் போடவில்லை. நிறுத்தினால் புரை கரையுமா? ஆபரேஷன் செய்தால் கிட்னிக்கு ஏதாவது ஆகுமா? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

வேம்பு:
தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் உங்கள் கிட்னி டாக்டருக்கு இப்போதே போன் செய்து, இரண்டு நாள் ஸ்டீராய்டு விட்டுப்போனதைச் சொல்லுங்கள். இன்றைய மாத்திரையை எப்படிப் போடுவது என்று அவரே சொல்லட்டும். நாலு வருடமாக வெளியிலிருந்து ஸ்டீராய்டு கொடுத்துக்கொண்டிருப்பதால் உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் பிபி இறங்கும், ஆளையே சாய்த்துவிடும். ரிஜெக்‌ஷன் பயம் வேறு, உடம்பு அந்தக் கிட்னியை எதிர்க்க ஆரம்பிக்கலாம். இவ்வளவையும் பணயம் வைத்தாலும், வந்த புரை கரையாது.

எனக்கு 2012-ல் மாற்று சிறுநீரகம், மூளைச்சாவு அடைந்த ஒருவருடையது. யாரென்று தெரியாது, வருடா வருடம் அந்த நாளில் விளக்கு ஏற்றுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வெயில் அடிக்கும் ஜன்னல் பக்கம் நின்றால் பிள்ளைகளின் நோட்டு தெரியாது, நிழலுக்கு வந்தால் தெரியும். நீங்கள் லைட்டை அணைத்து நூல் கோப்பதும் அதே கதைதான். ஸ்டீராய்டு புரை பெரும்பாலும் லென்ஸின் பின்பக்கம், நட்டநடுவில் படியும். வெளிச்சம் பட்டதும் கண்மணி சுருங்குகிறது, பார்வை முழுக்க அந்தப் படலம் வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. மங்கலில் கண்மணி விரியும்போது ஓரமாகக் கொஞ்சம் வழி கிடைக்கிறது. இதற்குக் கண்ணாடி மாற்றி என்ன பயன்? நானும் மூன்று கண்ணாடிக்குக் காசைக் கொட்டியவள்.

2016-ல் வலது கண், மறு வருடம் இடது. கண்ணைச் சுற்றி மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, உள்ளே லென்ஸ் வைத்து அனுப்பிவிட்டார்கள். காலை எட்டு மணி டாக்ரோவை எட்டு மணிக்கே போட்டுக்கொண்டேன், டப்பா கைப்பையிலேயே இருந்தது. கிட்னிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மருந்துச் சீட்டைப் படிக்காமல் விடாதீர்கள். எனக்கு எழுதிய வலி மாத்திரை கிட்னிக்கு ஆகாத வகை. போன் செய்து கேட்டதும் பாராசிட்டமாலாக மாற்றிவிட்டார்கள். கண் பிரஷருக்காக அசிட்டசோலமைடு என்ற மாத்திரை எழுதினால், கிட்னி டாக்டரைக் கேட்காமல் வாயில் போடாதீர்கள். சீட்டு போடும் இடத்திலேயே ‘கிட்னி மாற்றியவர்’ என்று பெரிதாக எழுதச் சொல்லுங்கள்.

அம்மாவிடம் சொல்லிவிடுங்கள் தம்பி. கிட்னியையே கொடுத்தவர் இதைத் தாங்க மாட்டாரா?

கரூர்க்காரன்:
எனக்கு வந்தது புரை இல்லை. மாற்றி எட்டாவது மாதம் இடது கண்ணின் நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு மங்கல். குளியலறை டைல்ஸ் கோடு அந்த இடத்தில் மட்டும் வளைந்து தெரிந்தது. ஸ்கேனில் விழித்திரைக்கு அடியில் நீர் கோத்திருந்தது. அதற்கும் ஸ்டீராய்டு ஒரு காரணம் என்றார்கள். கண் டாக்டர் கடிதம் எழுத, கிட்னி டாக்டர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். நாலு மாதத்தில் நீர் வற்றியது. குறைத்தது அவர், நானாகக் கை வைக்கவில்லை.

லென்ஸ்பெட்டி:
கண் மருத்துவமனையில் பவர் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். ஊசிநூல் அண்ணா, புரையோடு நிற்காமல் கண் பிரஷரும் பார்த்தார்களா? 10 முதல் 21 வரை பொதுவாகச் சரி. ஸ்டீராய்டு சிலருக்கு அதை ஏற்றிவிடும். வலிக்காது, சிவக்காது, கண் நரம்பு மட்டும் சத்தமில்லாமல் போகும். போன நரம்பு திரும்பாது. சொட்டு விட்டு கண்மணியை விரித்து விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். டாக்ரோவும் ஸ்டீராய்டும் சேர்ந்து சர்க்கரையைக் கொண்டுவரலாம், அதன் தடம் விழித்திரையில் தெரியும். அன்று பைக் வேண்டாம், சில மணி நேரம் கண் கூசும்.

இன்னொன்று. கறுப்புத் தூசி பறப்பதுபோல் புதிதாகத் தெரிந்தாலோ, பார்வையில் ஒரு பக்கம் திரை விழுந்தாலோ அன்றைக்கே வாருங்கள். எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து வைத்திருப்பவர்களுக்கு சிஎம்வி வைரஸ் விழித்திரையைத் தாக்குவது அபூர்வம்தான், ஆனாலும் வந்தால் நாள் கடத்த முடியாது.

ஊசிநூல்:
வேம்பு அக்கா, உங்கள் பதிலைப் படித்ததுமே போன் செய்தேன். திட்டு வாங்கினேன். மாத்திரை மறுபடி ஓடுகிறது, ரத்தம் பார்த்ததில் கிரியேட்டினின் 1.2-தான். கண் பிரஷர் வலது 26, இடது 19. வலதுக்குச் சொட்டு கொடுத்திருக்கிறார்கள். விழித்திரை சுத்தமாக இருக்கிறதாம். பிரஷர் இறங்கியதும் வலது கண்ணுக்கு ஆபரேஷன். அம்மாவிடம் சொன்னேன். “நூலை இங்கே கொடு, நான் கோத்துத் தருகிறேன்” என்று மட்டும் சொன்னார்.

எத்தனை நாளில் மிஷினில் உட்காரலாம்?

வேம்பு:
நான் பத்து நாளில் பள்ளிக்கூடம் போனேன். ஆனால் என் வகுப்பில் சாக்பீஸ் தூள்தான், உங்கள் கம்பெனியில் நாள் முழுக்கப் பஞ்சு பறக்கும். அதை டாக்டரிடம் நீங்களாகச் சொல்லுங்கள், டெய்லர் என்று மட்டும் சொன்னால் அவருக்குப் பஞ்சு ஞாபகம் வராது. நமக்குக் கிருமி சீக்கிரம் ஒட்டும். பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி ஒன்று இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் தம்பி.