வென்டிலேட்டர் நோயாளிகளின் வாய்ப் பராமரிப்பு: ஆலோசனை தேவை

மதுரை வட்டாரத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பணியாற்றும் அனைவருக்கும் வணக்கம். நான் திருமங்கலம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐசியூ பொறுப்புச் செவிலியராக இருக்கிறேன்.

வென்டிலேட்டரில் இணைத்து 48 மணி நேரம் கடந்த பின் வரும் நிமோனியாவைத் தடுக்க, தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்துவதையும், மயக்க மருந்தைத் தினமும் குறைத்து நோயாளி தானாக மூச்சு விடுகிறாரா என்று சோதிப்பதையும் ஓரளவு ஒழுங்காகவே செய்து வருகிறோம். (கட்டிலில் அளவுக்குறி இல்லாததால் பாகைமானியால் அளந்து சுவரில் கோடு போட்டிருக்கிறோம்; ஆனாலும் விடிவதற்குள் நோயாளி கால்மாட்டுப் பக்கம் சறுக்கிவிடுகிறார்.)

சிக்கல் வாய்ப் பராமரிப்பில்தான். 2022-இல் புதுப்பிக்கப்பட்ட அமெரிக்க வழிகாட்டுதல், குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியைத் தவிர்த்து, பல் துலக்குவதையே பரிந்துரைக்கிறது. ஆனால் வாய்வழியே செலுத்திய சுவாசக் குழாய் அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் கடைவாய்ப் பல் வரை பிரஷ்ஷைக் கொண்டுபோய்த் துலக்கி, ஊறும் எச்சிலை உடனுக்குடன் உறிஞ்சி எடுக்க வேண்டியிருப்பதால், இரவுப் பணியில் இது பெரும்பாலும் பஞ்சால் துடைப்பதோடு நின்றுவிடுகிறது. உறிஞ்சும் வசதியுள்ள பிரஷ்ஷுக்கு நிர்வாகம் இசையவில்லை. குழந்தைகளுக்கான மென்மையான பிரஷ்ஷைப் பயன்படுத்துவோர் இருந்தால், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை, எத்தனை பேரைக் கொண்டு செய்கிறீர்கள் என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.

மேலும், அந்தக் குழாயைச் சுற்றியுள்ள காற்றுப் பலூனின் (கஃப்) அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. நீரளவுக்குள் இருக்க வேண்டும். அதை அளக்க எங்களிடம் இருந்த ஒரே மானோமீட்டர் பழுதாகிவிட்டது. விரலால் அமுக்கிப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மானோமீட்டரை மதுரையில் எங்கே சரிசெய்யலாம் என்பதையும், உங்கள் பிரிவின் சரிபார்ப்புத் தாள் இருந்தால் நோயாளி விவரங்களை நீக்கி அதன் படத்தையும் பகிருங்கள்.